மீன் சோதனைக்கு மூன்று கொட்டேஷன்: எதில் கையெழுத்துப் போடுவது?

பெங்களூரு பீன்யாவில் துணி ஆலைகளுக்கான துணை ரசாயனங்கள் செய்கிற ஈரோட்டுக்கார அண்ணன் ஒருவர் போன மாதம் அல்சூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் மூன்று ஆய்வகங்களின் கொட்டேஷன். ஐரோப்பாவில் இருக்கும் வாடிக்கையாளர் அவருடைய சாஃப்ட்னருக்கு (துணியை மென்மையாக்கும் சரக்கு) "நன்னீர் மீனுக்கான குறுகிய கால நச்சுத்தன்மை அறிக்கை" கேட்டிருக்கிறார். ஒரு ஆய்வகம் ஸ்டாட்டிக் முறை என்கிறது, இன்னொன்று செமி ஸ்டாட்டிக் என்கிறது, மூன்றாவது ஆய்வகம் வளர்ந்த மீனே வேண்டாம், மீன் கருவை வைத்து முடித்துத் தருகிறோம் என்கிறது. மூன்றுக்கும் விலை மூன்று விதம்.

"ஏங்கண்ணு, நீ தெனமும் இந்த மீன் தொட்டிகூடத்தான இருக்கறே. ரேட்டு கம்மியா இருக்கறதுல கையெழுத்துப் போட்றலாமா?"

"அவசரப்படாதீங்கண்ணா" என்று சொல்லி உட்கார வைத்தேன். பொம்மசந்திராவிலிருந்தும் ஜிகனியிலிருந்தும் இதே கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு. எம்.எஸ்சி. திட்டக் கட்டுரைக்கு எந்த முறையை எடுப்பது என்று தெரியாமல் திண்டாடும் மாணவர்களும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்கிற வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதைச் சோதிக்கப் போகிறோம்?

ஒரு ரசாயனத்தைச் சோதிப்பதும் ஆலைக் கழிவுநீரைச் சோதிப்பதும் வெவ்வேறு வேலைகள். இரண்டிலும் மீன் உண்டு, 96 மணி நேரம் உண்டு. அதனால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ரசாயனம் என்றால் கேள்வி இது: எந்தச் செறிவில் பாதி மீன்கள் சாகும்? அந்த எண்ணைத்தான் எல்.சி.50 என்கிறோம். உலக அளவில், பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. வெளியிட்ட 203 என்ற வழிகாட்டியைப் பின்பற்றுகிறார்கள். 2019-ல் அது பெரிதாகத் திருத்தப்பட்டது. எல்.சி.50 லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் பொருள் கடும் நச்சின் முதல் வகுப்பு, 1-க்கு மேல் 10 வரை இரண்டாம் வகுப்பு, 10-க்கு மேல் 100 வரை மூன்றாம் வகுப்பு. டிரம்மின் மேல் செத்த மீனும் பட்ட மரமும் போட்ட படம் ஒட்ட வேண்டுமா என்பது இதைப் பொறுத்தது.

கழிவுநீர் என்றால் கேள்வி வேறு: இந்தத் தண்ணீரை இப்படியே விட்டால் மீன் பிழைக்குமா? 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், கலப்பே இல்லாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இதற்கான இந்தியத் தர முறை ஐ.எஸ். 6582. அதன் இரண்டாம் பகுதி ஜீப்ரா மீனை வைத்தே எழுதப்பட்டது. கழிவுநீர்க்காரர்களுக்குத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

ரசாயனத்திலும் இன்னொரு பிரிவு இருக்கிறது. நீங்கள் விற்பது தனிப் பொருளா, கலவையா? ஐரோப்பாவின் ரசாயனப் பதிவுச் சட்டமான ரீச்சில் பதிவு செய்யப்படுவது தனித்தனிப் பொருள்கள். நாலு பொருளைக் கலந்த சரக்கு என்றால், நான்கின் நச்சுத் தரவும் கையில் இருக்கும்போது கலவையின் வகுப்பைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு மீன் சோதனை நடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு போனதை விடுங்கள், அத்தனை மீன்கள் செத்ததுதான் மனதை அறுக்கிறது.

எதை வைத்து ஒப்பிடுவது?

விலை கடைசியில்தான் வர வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை இவை.

முதலாவது, அறிக்கையை யார் படிக்கப் போகிறார்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறை அதிகாரியா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா, உங்கள் சொந்த ஆராய்ச்சிக் குழுவா? அரசுக்குப் போகும் அறிக்கை என்றால் ஆய்வகத்துக்கு ஜி.எல்.பி. (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று வேண்டும். 2011 முதல் இந்தியா ஓ.இ.சி.டி.யின் பரஸ்பர ஏற்பு முறையில் முழு உறுப்பு. ஆகவே சான்று பெற்ற பெங்களூரு ஆய்வகத்தின் அறிக்கை அங்கேயும் செல்லும்.

இரண்டாவது, பொருள் தண்ணீரில் எப்படி நடந்துகொள்கிறது. கரைகிறதா, ஆவியாகிறதா, தண்ணீரோடு வினைபுரிந்து சிதைகிறதா, கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறதா? என்னைக் கேட்டால் முக்கால்வாசித் தீர்ப்பு இதிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, அது மீனை எந்த வழியில் கொல்கிறது. செவுளை அரிக்கிறதா, நரம்பைத் தாக்குகிறதா, உடலுக்குள் போய் வேறொன்றாக மாறிய பிறகுதான் கொல்கிறதா?

நான்காவது, எத்தனை உயிர். ரீச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, முதுகெலும்புள்ள விலங்குகளில் சோதிப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்கிறது. அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் நாம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது, எவ்வளவு சரக்கு, எவ்வளவு தண்ணீர். புதிதாகத் தயாரித்த பொருள் 20 கிராம்தான் இருக்கிறது என்றால் சில முறைகள் தாமாகவே கழிந்துவிடும்.

வழி 1: சோதனையே செய்யாமல் பதில் தேடுவது

இதைக் கொட்டேஷனில் யாரும் எழுத மாட்டார்கள், எழுதினால் அவர்களுக்கு வருமானம் இல்லை. ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ரீச்சில் ஆண்டுக்கு 1 டன் தாண்டினால் டாப்னியா என்ற சின்ன நீர்வாழ் உயிரிலும் பாசியிலும் சோதனை கேட்பார்கள். மீனுக்கான குறுகிய காலச் சோதனை 10 டன்னில்தான் வருகிறது. உங்கள் ஏற்றுமதி 6 டன் என்றால் மீன் சோதனையைச் சட்டம் கேட்கவில்லை, வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவு பழைய பட்டியலை அப்படியே அனுப்பியிருக்கலாம். ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். அதே பொருளை ஏற்கெனவே யாராவது பதிவு செய்திருந்தால், முதுகெலும்பிகளில் செய்த சோதனைத் தரவைப் பணம் வாங்கிக்கொண்டு பகிர வேண்டும் என்பது அங்கே கட்டாயம். அந்த அனுமதிக் கடிதத்தின் விலை சில நேரம் புதிய சோதனையைவிடக் கூடுதலாகவும் இருக்கும். இருந்தாலும் அந்தப் பொருளில் மறுபடி சோதனை செய்ய உங்களுக்கு வழி இல்லை.

அடுத்தது கணினிக் கணிப்பு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஈகோசார், ஓ.இ.சி.டி.யின் கியூசார் டூல்பாக்ஸ், இரண்டும் இலவசம். பொருளின் அமைப்பைக் கொடுத்தால், கொழுப்பில் கரையும் தன்மையை அடிப்படையாக வைத்து எல்.சி.50-ஐக் கணிக்கும். சாதாரண கரைப்பான்கள், எளிய ஆல்கஹால்கள், கீட்டோன்கள் போன்றவற்றுக்கு நன்றாக வரும். உலோக உப்புகள், தண்ணீரில் அயனியாகப் பிரிபவை, சோப்பு வகைகள், புரதத்தோடு வினைபுரியும் பொருள்கள் ஆகியவற்றில் நம்ப முடியாது. மறைந்திருக்கும் செலவு மென்பொருளில் இல்லை, அதன் விடையை நம்பலாமா என்று சொல்லத் தெரிந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இருக்கிறது.

ஆராய்ச்சியில் பத்து மூலக்கூறுகளை வடிகட்டி இரண்டாகக் குறைக்க வேண்டுமா? இதைவிட நல்ல வழி கிடையாது. மீன் சோதனை கட்டாயம் என்றாலும், எந்தச் செறிவில் தொடங்குவது என்று சொல்லி நாலைந்து மீன்களைக் காப்பாற்றும்.

வழி 2: முழு மீன், 96 மணி நேரம்

அதிகாரிகள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது இதைத்தான். ஐந்து செறிவுகள், பொருளே கலக்காத ஒரு கட்டுப்பாட்டுத் தொட்டி, தொட்டிக்குக் குறைந்தது 7 மீன். ஆக 42. கரைப்பான் சேர்த்தால் இன்னொரு தொட்டி, 49. கட்டுப்பாட்டுத் தொட்டியில் பத்து சதவீதத்துக்கு மேல் (பத்து மீனுக்குக் குறைவாக இருந்தால் ஒரு மீனுக்கு மேல்) செத்தால் சோதனை செல்லாது. கரைந்த ஆக்சிஜன் நிறைநிலையின் 60 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

இந்த 60 சதவீதம் பெங்களூருக்காரர்களுக்குக் கொஞ்சம் தனிக் கவலை. நாம் இருப்பது சுமார் 920 மீட்டர் உயரத்தில். 25 டிகிரியில் சென்னைத் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்தால் இங்கே ஏறத்தாழ 7.4 தான் பிடிக்கும். அதில் 60 சதவீதம் 4.4. மீனுக்கு இருக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. வேறு ஊரில் எழுதிய செய்முறைக் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மீட்டரைக் கடல்மட்டக் கணக்கிலேயே விட்டுவிட்டு அளக்கிற இடங்கள் உண்டு. ஆய்வகத்துக்குப் போனால் மீட்டர் உயரத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் யோசியுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதுவே மீனைக் கொல்லும். கார்பன் வடிகட்டியில் விட்டுக் காற்றூட்டி வைக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டுவது இங்கே சாதாரணம், வழிகாட்டியின் மேல் எல்லையே அதுதான். உலோகப் பூச்சு ஆலைக்காரர்கள் செம்பு உப்பைச் சோதிக்கும்போது இது பெரிய விஷயம். கடின நீரில் செம்பின் நஞ்சு குறைந்து தெரியும், மென்னீரில் கூடித் தெரியும். ஒரே சரக்குக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விடை கொடுத்தால் முதலில் கடினத்தன்மை எண்ணைத்தான் பாருங்கள்.

மீன் எது என்றால் நம் ஊரில் பெரும்பாலும் ஜீப்ரா மீன். இந்தியத் துணைக்கண்டத்துச் சிற்றோடைகளில் பிறந்த மீன்தான், நம் தட்பவெப்பத்துக்குப் பழகியது, ஆய்வகத்திலேயே இனப்பெருக்கம் செய்யலாம். சாதாக் கெண்டையும் கப்பியும்கூட ஏற்கத்தக்கவை. ட்ரவுட் வேண்டும் என்றால் குளிர்நீர் வசதி வேண்டும், மின்வெட்டு நேரத்தில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. கொளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த வண்ண மீனை மறுநாளே தொட்டியில் விட்டுச் சோதனை தொடங்குகிற வழக்கத்தை மட்டும் மாணவர்கள் விட்டுவிட வேண்டும். ஒரு வாரமாவது அதே தண்ணீரில், அதே வெப்பத்தில் பழக வேண்டும். அந்த ஏழு நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தக் கூட்டத்தையே ஒதுக்க வேண்டும்.

இனி அண்ணனின் கொட்டேஷன்களில் இருந்த சொற்களுக்கு வருகிறேன். தண்ணீரை எப்படி வைத்திருப்பது என்பதில் மூன்று வகை.

ஸ்டாட்டிக்: முதல் நாள் ஊற்றிய கரைசல் நாலு நாளும் அப்படியே. 10 லிட்டர் தொட்டி ஆறு என்றால் மொத்தம் 60 லிட்டர். விலை குறைவு, ஆள் குறைவு. பொருள் நாலு நாளும் மாறாமல் தண்ணீரில் இருக்கும் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

செமி ஸ்டாட்டிக்: 24 அல்லது 48 மணி நேரத்துக்கு ஒரு முறை புதுக் கரைசல். தினமும் மாற்றினால் அதே ஆறு தொட்டிக்கு 240 லிட்டர். மெதுவாகச் சிதைகிற, கண்ணாடியில் ஒட்டுகிற பொருள்களுக்கு இது.

ஃப்ளோ த்ரூ: பம்பு வழியாகக் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். நாளைக்கு ஐந்து முறை தொட்டி நிறைந்து மாறுகிறது என்று வைத்தால் 1,200 லிட்டர். 100 மில்லிகிராம் செறிவுத் தொட்டி ஒன்றுக்கே 20 கிராம் சரக்கு போகும், ஸ்டாட்டிக்கில் அது ஒரே ஒரு கிராம். வெளியேறும் 1,200 லிட்டரில் கட்டுப்பாட்டுத் தொட்டியின் 200 போக மீதி 1,000 லிட்டரும் நஞ்சு கலந்த நீர், அதைச் சுத்திகரிக்கும் செலவும் உங்கள் தலையில்தான். ஆவியாகும், வேகமாகச் சிதையும் பொருளுக்கு வேறு வழியில்லை என்றால் மட்டும் இதற்குப் போங்கள்.

இந்த மூன்றையும் பிரிக்கும் கோடு ஒன்றுதான்: நாலு நாளும் செறிவு ஆரம்ப அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் நகராமல் இருக்கிறதா? அதை அறியத் தண்ணீரை எடுத்து அளக்க வேண்டும். இங்கேதான் மறைமுகச் செலவு. பல கொட்டேஷன்களில் மீன் பகுதியின் விலை மட்டும் இருக்கும், பகுப்பாய்வுக்குத் தனி பில் வரும். அளக்கும் முறையே இல்லாத புதுப் பொருள் என்றால் முறையை உருவாக்கிச் சரிபார்க்கும் செலவு மீன் செலவையே விஞ்சிவிடும். அளவே எடுக்காமல் "ஊற்றினோம், ஆகவே இருக்கிறது" என்று எழுதிய அறிக்கை அதிகாரியின் மேசையிலிருந்து திரும்பி வரும். அப்போது 42 மீன்கள் எதற்கும் பயன்படாமல் செத்தவை ஆகின்றன.

என் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் அப்போதிருந்த இடத்தில், துணி மென்மையாக்கும் நேர்மின் சோப்பு வகை ஒன்றை ஸ்டாட்டிக் முறையில் சோதித்தோம். முதல் ஆறு மணி நேரம் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து, தட்டினால் திடுக்கிட்டு நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. மறுநாள் காலை மற்ற மீன்கள் சாதாரணமாக நீந்திக்கொண்டிருந்தன. எல்லாரும் நிம்மதியானோம். பிறகு தண்ணீரை அளந்தால் சரக்கில் பாதிக்கும் மேல் காணோம். கண்ணாடிச் சுவரிலும் மீனின் வழுவழுப்பிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாங்கள் சோதித்தது அந்தப் பொருளை அல்ல, அது போன பிறகு மிஞ்சிய தண்ணீரை. முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. சாய்ந்த அந்த இரண்டு மீன்களை இன்னும் மறக்கவில்லை.

முழு மீனைத் தேர்ந்தெடுத்தாலும் 42 தேவையா என்று கேட்க மறக்காதீர்கள். இரண்டு சுருக்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று எல்லைச் சோதனை: 100 மில்லிகிராமில் 7 மீன், கட்டுப்பாட்டில் 7 மீன். ஒன்றுகூடச் சாகவில்லை என்றால் எல்.சி.50 நூறுக்கு மேல் என்று முடித்துவிடலாம். ஏழே மீனை வைத்து எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். எல்.சி.50 உண்மையிலேயே 100 என்றால் ஒவ்வொரு மீனும் பிழைக்க வாய்ப்பு பாதி. ஏழு நாணயத்தைச் சுண்டி ஏழும் தலையாக விழுவது போன்றது, 128-ல் ஒரு முறைதான் நடக்கும்.

இன்னொன்று வாசல் அணுகுமுறை. ஓ.இ.சி.டி. 2010-ல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. முதலில் பாசி, டாப்னியா சோதனைகளை முடிக்க வேண்டும். இரண்டில் எதன் நச்சுச் செறிவு குறைந்த எண்ணோ அந்த ஒரே செறிவில் மட்டும் மீனை விட வேண்டும். மீன் பிழைத்தால் அது மற்ற இரண்டைவிடத் தாங்கும் என்று தெரிந்துவிடும், வகுப்பைத் தீர்மானிக்க அது போதும். இவ்வளவு எளிய வழியை ஏன் இத்தனை பேர் கேட்டு வாங்குவதில்லை என்று எனக்கு வருத்தம்.

வழி 3: ஜீப்ரா மீன் கரு

ஓ.இ.சி.டி. 236, 2013-ல் வந்தது. கருவுற்ற ஒன்றரை மணி நேரத்துக்குள் முட்டைகளை எடுத்து, 24 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்து, 26 டிகிரியில் 96 மணி நேரம் பார்க்க வேண்டும். ஒரு செறிவுக்கு 20 கரு, குழிக்கு 2 மில்லி. ஆக ஒரு செறிவுக்கு 40 மில்லி கரைசல்தான். சரக்குக் கொஞ்சமாக இருக்கிறவர்களுக்கு வரப்பிரசாதம்.

நுண்ணோக்கியில் நாலு அறிகுறி பார்க்கிறோம்: கரு உறைந்து வெளுத்ததா, உடல் கண்டங்கள் உருவாகவில்லையா, வால் மஞ்சள் கருவிலிருந்து பிரியவில்லையா, இதயம் துடிக்கவில்லையா. 48-ஆம் மணி நேரத்தில் அந்தக் கண்ணாடி போன்ற உடலுக்குள் இதயம் துடிப்பதை முதல் முறை பார்க்கும் மாணவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஐரோப்பிய விலங்குப் பாதுகாப்புச் சட்டம் தானாக இரை தேடத் தொடங்கும் பருவத்திலிருந்துதான் மீனைக் காக்கிறது. அதற்கு முன்பான கரு அதன் வரம்பில் வராது. ஆகவே இது விலங்குச் சோதனைக்கு மாற்று முறையாகக் கணக்கிடப்படுகிறது.

சறுக்கும் இடங்கள்: முட்டையைச் சுற்றியுள்ள உறை பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது, எனவே பாலிமர் சரக்குகளுக்கு ஒத்துவராது. நரம்பைத் தாக்கும் பொருள்களின் நஞ்சு கருவில் குறைத்துத் தெரியலாம். உடலுக்குள் மாறிய பிறகு கொல்லும் பொருள்களிலும் ஏமாறலாம். அல்லைல் ஆல்கஹால் இதற்குப் பேர்போன உதாரணம். வளர்ந்த மீனுக்கு அது கடும் நஞ்சு, கருவோ பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. முக்கியமாக, ரீச்சில் இந்த அறிக்கையை மட்டும் தனியாக நீட்டினால் போதாது, மற்றச் சான்றுகளோடு சேர்த்து வாதமாக எழுத வேண்டும். அதை எழுதுகிற நிபுணரின் கட்டணம் கொட்டேஷனில் இருக்காது. அண்ணனின் மூன்றாவது கொட்டேஷன் மலிவாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம் அதுதான்.

முட்டை தினமும் கிடைக்க வேண்டும் என்றால் இனப்பெருக்க மீன் கூட்டத்தை ஆண்டு முழுக்கப் பராமரிக்க வேண்டும். கல்லூரிகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வழி 4: செவுள் செல்கள்

ட்ரவுட் மீனின் செவுளிலிருந்து எடுத்து வளர்த்த ஆர்.டி.கில்-டபிள்யூ1 என்ற செல் வரிசை. 2021-ல் ஓ.இ.சி.டி. 249 ஆக ஏற்கப்பட்டது. 19 டிகிரியில் 24 மணி நேரம், பிறகு மூன்று சாயங்களை வைத்து உயிருள்ள செல்களை அளக்கிறோம். ஒரு மீனும் சாவதில்லை. செவுளை நேராகத் தாக்கும் பொருள்களுக்கு விடை நன்றாகப் பொருந்தும். நரம்பைக் குறிவைக்கும் பூச்சிக்கொல்லி வகைகளில் பொருந்தாது, செல் தட்டில் நரம்பே இல்லை. அல்லைல் ஆல்கஹால் இங்கேயும் தப்பித்துவிடும். எளிதில் ஆவியாகிறவை, பிளாஸ்டிக் தட்டில் ஒட்டுகிறவை ஆகியவற்றில் இங்கேயும் செறிவை அளந்தாக வேண்டும். செல் வளர்ப்பு அறையும் பழகிய கையும் இருக்கும் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்கள் பெங்களூரில் நிறைய. அவர்களுடைய உள் ஆராய்ச்சிக்கு இதையே நான் முதலில் சொல்வேன்.

ஒரே பார்வையில்

| முறை | வளர்ந்த மீன் | சோதனை நேரம் | தண்ணீர், சரக்கு | ஏமாற்றும் இடம் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| பழைய தரவு, கணினி | 0 | நாட்கள் | இல்லை | உலோகம், சோப்பு வகை, வினைபுரிபவை | 10 டன்னுக்குக் கீழே ஏற்றுமதி, ஆராய்ச்சி வடிகட்டல் |
| எல்லை / வாசல் சோதனை | சுமார் 14 | 96 மணி | குறைவு | மீன் செத்தால் அடுத்த கட்டம் போக வேண்டும் | நஞ்சு குறைந்தவை. பாசி, டாப்னியா தரவு உள்ளவை |
| முழு மீன், ஸ்டாட்டிக் | 42 | 96 மணி | 60 லிட்டர் | ஒட்டுபவை, சிதைபவை | நிலையான, நன்கு கரையும் பொருள் |
| முழு மீன், செமி ஸ்டாட்டிக் | 42 | 96 மணி | 240 லிட்டர் | வேகமாக ஆவியாகுபவை | மெதுவாகக் குறையும் பொருள் |
| முழு மீன், ஃப்ளோ த்ரூ | 42 | 96 மணி | 1,200 லிட்டர் | கழிவுச் செலவு, சரக்குச் செலவு | நிலையற்ற பொருள் |
| கரு | 0 | 96 மணி | மிகக் குறைவு | பெரிய மூலக்கூறு, நரம்பு நஞ்சு | சரக்குக் குறைவு, துணைச் சான்று |
| செவுள் செல் | 0 | 24 மணி | மிகக் குறைவு | நரம்பு நஞ்சு, உடலில் மாறுபவை | உள் ஆராய்ச்சி, துணைச் சான்று |

தண்ணீர்க் கணக்கு 10 லிட்டர் தொட்டி ஆறுக்கு, கரைப்பான் இல்லாமல் போட்டது.

கழிவுநீர்க்காரர்களுக்கு

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை இந்தத் தெருவில் இருந்தவர்கள் மறக்கமாட்டோம். ஏரியில் மீன் சாவது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால். ஆய்வகத் தொட்டியிலும் அதே குழப்பம் வரும். அழுகும் பொருள் மிகுந்த கழிவுநீர் ஆக்சிஜனைத் தின்றுவிட, மீன் மூச்சு முட்டிச் சாகும், அறிக்கையில் "நச்சு" என்று விழும்.

அதற்காகக் காற்றுக் குழாயைப் பலமாகத் திறந்துவிட்டால் இன்னொரு வம்பு. கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும். 25 டிகிரியில் பி.எச். 7.5-ல் மொத்த அம்மோனியாவில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவத்தில் இருக்கும். 8.3 ஆனால் அது 10 சதவீதம். தண்ணீரில் எதையும் புதிதாகச் சேர்க்காமலே நஞ்சு ஐந்தாறு மடங்கு ஆகிவிடுகிறது. கட்டற்ற அம்மோனியாவுக்கு விதிகள் தரும் எல்லை லிட்டருக்கு 5 மில்லிகிராம், பல நன்னீர் மீன்களைக் கொல்ல அதைவிடக் குறைவே போதும். வேதியியல் அறிக்கையில் எல்லாம் பாஸ், மீன் மட்டும் ஃபெயில் என்று வந்தால் முதலில் தேட வேண்டிய இடம் இது.

ஆகவே கழிவுநீருக்கு முறை தேர்வு என்று பெரிதாக இல்லை, சட்டம் கேட்பது மீனை. ஆனால் கொட்டேஷனில் பி.எச்., ஆக்சிஜன், அம்மோனியா மூன்றையும் தினமும் அளந்து தருவார்களா என்று எழுதி வாங்குங்கள். சுத்திகரிப்பு நிலையத்தை மாற்றியமைக்கும் காலத்தில் வாராவாரம் மீனைக் கொல்ல வேண்டாம். செவுள் செல் சோதனைக்கு 2019-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 21115 தரம் தண்ணீர் மாதிரிகளுக்கும் பொருந்தும். அதை வைத்து உள்ளுக்குள் பார்த்துக்கொண்டு, வாரியத்துக்கான மாதிரியை மட்டும் மீனில் சோதிக்கலாம்.

அண்ணன் என்ன செய்தார்

அவருடைய சாஃப்ட்னரில் மூன்று பொருள்கள். இரண்டு வெளியே வாங்குவது, தரவு விற்பவரிடமே இருந்தது. மூன்றாவது அவரே தயாரிக்கும் நேர்மின் சோப்பு வகை, நான் முன்பு பட்டுத் தெரிந்துகொண்ட அதே குடும்பம். அதனால் ஸ்டாட்டிக் கொட்டேஷனை அங்கேயே மடித்து வைத்தோம், கணினிக் கணிப்பும் இதற்கு உதவாது. இந்த ஆண்டு எவ்வளவு, அடுத்த ஆண்டு எவ்வளவு என்று வாடிக்கையாளருக்கு எழுதச் சொன்னேன். அடுத்த ஆண்டு அந்த மூன்றாவது பொருள் மட்டுமே 12 டன் வரும் அளவுக்கு எடுப்போம் என்று பதில் வந்தது. அப்படியானால் மீன் சோதனை கட்டாயம்.

செமி ஸ்டாட்டிக் ஆய்வகத்தோடு மறுபடி பேசினார். பாசியும் டாப்னியாவும் முதலில், பிறகு அந்த எண்ணில் ஒரே செறிவில் மீன், 24 மணி நேரத்துக்கு ஒரு முறை புதுக் கரைசல், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளவு. தொட்டிகளை ஒரு நாள் முன்னதாகவே அதே கரைசலில் ஊறவைத்துச் சுவரை நிறைத்துவிட வேண்டும் என்பதையும் எழுதிச் சேர்த்தோம். 42-க்குப் பதில் 14 மீன்.

"பாசியில இருந்து ஆரம்பிக்கறதுனால மூணு வாரம் தள்ளிப் போகுமாமே கண்ணு" என்றார்.

"போகட்டுங்கண்ணா. அவங்க கேட்டது அடுத்த வருசத்துக்குத்தானே?"

திங்கட்கிழமை பாசிக் குடுவைகளை விளக்குக்குக் கீழே வைக்கிறார்கள்.